போட், பிற்று, பைற்று: பழைய மொடெம் வேகங்களை இக்கால அலகுகளுக்கு மாற்றும் முறை

ஓர் அளவுக்கு உறுப்பு இரண்டு. ஒன்று எண், மற்றையது அலகு. கடையிற் சீனி வாங்குபவர் "இரண்டு தாரும்" என்று மட்டும் கேட்பதில்லை. இரண்டு கிலோவா, இரண்டு இறாத்தலா என்பதைச் சேர்த்தே கேட்பர். ஆயினும், தொலைபேசிக் கம்பி வழியே கணினிகள் ஒன்றோடொன்று பேசிய காலத்து மொடெம்களைப் பற்றி உரையாடுமிடத்து நம்மிற் பலர் எண்ணை நினைவில் வைத்து அலகை மறந்துவிடுகின்றோம். "எங்களுடையது இருபத்துநாலு நூறு" என்பார் ஒருவர். "எங்களுடையது ஐம்பத்தாறு" என்பார் மற்றொருவர். எதில் இருபத்துநான்கு நூறு, எதில் ஐம்பத்தாறு என்று வினவினால் விடை தெளிவாக வருவதில்லை.

இக்கட்டுரையை எழுதுதற்கு எனக்கொரு கடப்பாடும் உண்டு. 1993ஆம் ஆண்டிலே கொழும்பில் ஒரு மாலை வகுப்பிற் கணினி கற்பித்துக் கொண்டிருந்தேன். அங்கே 2,400 என்று குறிக்கப்பட்ட ஒரு மொடெம் இருந்தது. "இது 2,400 போட் மொடெம். ஒரு பைற்று எட்டுப் பிற்று. ஆகவே 2,400ஐ எட்டாற் பிரித்தால் செக்கனுக்கு 300 எழுத்துக்கள் செல்லும்" என்று கரும்பலகையில் எழுதினேன். மறுநாள் ஒரு மாணவர் எழுந்து, 24,000 எழுத்துக்கள் கொண்ட கோவையொன்றை அனுப்பிப் பார்த்ததாகவும், எண்பது செக்கனில் முடியவேண்டியது நூறு செக்கன் எடுத்ததாகவும் சொன்னார். "தம்பி, கணக்கு பிழைக்காது, உம்முடைய மணிக்கூடுதான் பிழை" என்றேன். "சேர், மூன்று தரம் பார்த்தேன், ஒரே விடைதான் வருகிறது" என்று கூறி அவர் அமர்ந்தார். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவர் சொன்னது சரி. நான் சொன்னது பிழை. அதுவும் ஒரு பிழையன்று, இரண்டு பிழைகள். அவை எவையென்பதை அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. பிற்றும் பைற்றும்

துவித எண்முறையில் இலக்கங்கள் இரண்டே: பூச்சியமும் ஒன்றும். இவ்விலக்கம் ஒன்றே பிற்று எனப்படும். எட்டுப் பிற்றுக்கள் சேர்ந்தது ஒரு பைற்று. ஆங்கில எழுத்தொன்றைக் குறிக்க ஒரு பைற்றுப் போதும். இன்று வழங்கும் யுனிக்கோட் முறையின் யு.ரி.எவ்-8 வடிவிலே தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று பைற்றுக்கள் வேண்டும். இவ்வேற்றுமையையும் மனத்திற் கொள்க.

தரவு செல்லும் வேகத்தைப் பிற்றுக்களாற் கூறுவது தொலைத்தொடர்பாளர் வழக்கம். கோவையின் பருமனைப் பைற்றுக்களாற் கூறுவது கணினியாளர் வழக்கம். ஆங்கிலச் சுருக்கத்திலே சிற்றெழுத்துப் "பீ" பிற்றையும், பேரெழுத்துப் "பீ" பைற்றையும் குறிக்கும். எழுத்தின் உருவம் சிறிதே மாறும். பொருளோ எட்டு மடங்கு மாறும்.

2. போட் என்பது யாது?

எமில் போடோ (1845–1903) என்பவர் பிரான்சுநாட்டுத் தந்திப் பொறியியலாளர். ஐந்து அலகுகளால் ஓரெழுத்தைக் குறிக்கும் தந்திக் குறிமுறையை வகுத்து, அச்சிடும் தந்திப் பொறியொன்றுக்கு 1874இல் உரிமைப் பத்திரம் பெற்றவர். அவர் பெயராலேயே போட் என்னும் அலகு வழங்குகின்றது. கம்பியிலே செல்லும் சைகை ஒரு செக்கனில் எத்தனை தரம் தன்னிலையை மாற்றிக்கொள்ளக் கூடுமோ, அத்தனை போட் என்க.

இங்கே ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. போட் என்பது சைகை மாற்றங்களின் எண்ணிக்கை, பிற்றுக்களின் எண்ணிக்கையன்று. மாட்டுவண்டி ஒன்று சந்தைக்கு நாளொன்றுக்கு ஆறு நடை போகின்றதென்று கொள்வோம். ஒரு நடைக்கு ஒரு மூட்டை ஏற்றினால் நாளொன்றுக்கு ஆறு மூட்டை. நான்கு மூட்டை ஏற்றினால் இருபத்துநான்கு மூட்டை. நடை போட்டுக்கும், மூட்டை பிற்றுக்கும் ஒப்பாகும். ஒரு நடைக்கு ஒரு மூட்டை ஏற்றுங் காலத்தில் மட்டுமே இரண்டும் ஒரே எண்ணாகும்.

மொடெம் செய்வது யாது? கணினியின் பூச்சியத்தையும் ஒன்றையும் தொலைபேசிக் கம்பியாற் கொண்டுசெல்லத்தக்க ஒலியாக மாற்றுவது பண்பேற்றம். அவ்வொலியை மீண்டும் பிற்றுக்களாக்குவது பண்பிறக்கம். இவ்விரு தொழில்களுக்குமுரிய ஆங்கிலச் சொற்களின் தலைகளைச் சேர்த்தே மொடெம் என்னும் பெயர் பிறந்தது.

1962இல் வந்த பெல் 103 என்னும் மொடெம் மிக எளிய முறையைக் கையாண்டது. அழைப்பவர் பக்கத்தில் பூச்சியத்துக்கு 1,070 ஹேட்ஸ், ஒன்றுக்கு 1,270 ஹேட்ஸ். விடையளிப்பவர் பக்கத்தில் பூச்சியத்துக்கு 2,025 ஹேட்ஸ், ஒன்றுக்கு 2,225 ஹேட்ஸ். ஆக நான்கு மீடிறன்கள். ஒவ்வொரு மாற்றமும் ஒரு பிற்றையே சுமந்தமையால் 300 போட் என்பதும் செக்கனுக்கு 300 பிற்று என்பதும் ஒன்றேயாயின. "போட்" என்றாற் "பிற்று" என்று கருதும் பழக்கம் இக்காலத்தில் வேரூன்றியது. அடுத்த தலைமுறை மொடெம் வந்தபோது பொருள் மாறிற்று, பழக்கம் மாறவில்லை.

3. மொடெம்களின் வரிசை

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்கென அமைந்தது. ஏறத்தாழ 300 ஹேட்ஸ் முதல் 3,400 ஹேட்ஸ் வரையே அதிற் செல்லும். இவ்வொடுங்கிய பாதையில் நடைகளின் தொகையை விரும்பியவாறு கூட்டவியலாது. ஆகவே பொறியியலாளர் ஒவ்வொரு நடைக்கும் ஏற்றும் சுமையைக் கூட்டினர். அலையின் அவத்தையையும் வீச்சத்தையும் சேர்த்து மாற்றிப் பதினாறு வெவ்வேறு நிலைகளை உண்டாக்கினால், ஒரு மாற்றம் நான்கு பிற்றுக்களைச் சுமக்கும். இரண்டின் நான்காம் அடுக்கு பதினாறு ஆதலின். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் நியமங்கள் இவ்வாறே வளர்ந்தன.

பெல் 103 (1962): 300 போட் × 1 பிற்று = 300
வி.22 (1980): 600 போட் × 2 பிற்று = 1,200
வி.22 பிஸ் (1984): 600 போட் × 4 பிற்று = 2,400
வி.32 (1984): 2,400 போட் × 4 பிற்று = 9,600
வி.32 பிஸ் (1991): 2,400 போட் × 6 பிற்று = 14,400
வி.34 (1994): 3,200 போட் × 9 பிற்று = 28,800

இவற்றுள் இறுதியில் உள்ள எண் செக்கனுக்குச் செல்லும் பிற்று. வி.34 நியமம் 1996இல் 33,600 வரை நீட்டப்பட்டது.

இப்போது எனது முதற் பிழை விளங்கும். வகுப்பிலிருந்தது வி.22 பிஸ் மொடெம். அதனை 2,400 போட் என்றேன். உண்மையில் அது 600 போட். 2,400 என்பது செக்கனுக்குரிய பிற்று. கடைக்காரரும் விளம்பரக்காரரும் அவ்வாறே சொல்லி வந்தனர். ஆயினும் பலர் சொல்வதனால் ஒரு பிழை சரியாகிவிடாது. பழைய குறிப்பொன்றிலே "2,400 போட்" என்று கண்டால், எழுதியவர் பெரும்பாலும் பிற்றையே கருதினாரென்று கொள்க. அதனை மீண்டும் நான்காற் பெருக்கி 9,600 என்று கொள்வது, பிழையைத் திருத்தப் புகுந்து மற்றொரு பிழை செய்வதாகும்.

4. எட்டாற் பிரிப்பதா, பத்தாற் பிரிப்பதா?

எனது இரண்டாம் பிழை இங்கேதான் உள்ளது. எட்டுப் பிற்று ஒரு பைற்று என்பது உண்மையே. ஆனால் அக்காலத்து மொடெம் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே அனுப்பிற்று. எழுத்து எப்போது தொடங்குகின்றதென்பதை மறுமுனை அறியும்பொருட்டு முன்னால் ஒரு தொடக்கப் பிற்றும், முடிவை உணர்த்தப் பின்னால் ஒரு நிறுத்தப் பிற்றும் சேர்க்கப்பட்டன. எட்டுப் பிற்று எழுத்துக்குப் பத்துப் பிற்றுக் கூலி. எனவே,

2,400 ÷ 10 = செக்கனுக்கு 240 எழுத்து.
24,000 ÷ 240 = 100 செக்கன்.

அம்மாணவரின் மணிக்கூடு சரியாகவே ஓடியது.

இன்னும் பழைய தொலைத்தட்டச்சுப் பொறிகளிலே நிறுத்தப் பிற்று இரண்டு இருந்தமையால் எழுத்தொன்றுக்குப் பதினொரு பிற்றாயிற்று. 110 போட் வேகத்தில் அவை செக்கனுக்குச் சரியாகப் பத்து எழுத்தை அச்சிட்டன. 110ஐப் பதினொன்றாற் பிரித்துக் காண்க.

பின்னர் நிலைமை மாறிற்று. 1988இல் வந்த வி.42 என்னும் பிழைதிருத்த முறை, எழுத்துக்களைத் தொகுதி தொகுதியாகக் கட்டி அனுப்பியது. தொடக்கப் பிற்றும் நிறுத்தப் பிற்றும் கம்பியில் ஏறவில்லை. அத்தகைய இணைப்புக்களில் எட்டாற் பிரிப்பதே பொருந்தும்; தொகுதியைக் கட்டுதற்குரிய சிறு செலவை மட்டும் கழிக்கவேண்டும். ஆகவே 2,400 பிற்று வரையுள்ள, பிழைதிருத்தமில்லாப் பழைய மொடெம்களுக்குப் பத்து. பிழைதிருத்தமுள்ள பிற்கால மொடெம்களுக்கு எட்டு. இதனை விதியாகக் கொள்ளலாம்.

இன்னுமொரு பொறியும் உண்டு. 1990இல் வந்த வி.42 பிஸ் என்னும் சுருக்க முறை, சாதாரண எழுத்துக் கோவைகளைச் சுருக்கி அனுப்பி, மிக ஏற்ற கோவையாயின் நான்கு மடங்குவரை பயன் தந்தது. இதனால் 14,400 மொடெமின் பெட்டியில் 57,600 என்னும் எண் பெரிதாக அச்சிடப்படுவதுண்டு. 14,400 × 4 = 57,600 என்பதன்றி அதிற் புதுமை யாதுமில்லை. முன்னரே சுருக்கப்பட்ட படங்களை மேலும் சுருக்க அம்முறையால் இயலாது. அன்றியும், கணினி திரையிற் காட்டும் 115,200 என்னும் எண் சிலவேளை கணினிக்கும் மொடெமுக்கும் இடையிலுள்ள குறுங்கம்பியின் வேகமேயாகும். மாற்றுங்கால் தொலைபேசிக் கம்பியின் வேகத்தையே எடுத்துக்கொள்க.

5. ஐம்பத்தாறு என்னும் எல்லை

குளோட் ஷனன் 1948இல் ஒரு தேற்றத்தை வெளியிட்டார். ஒரு பாதையின் உச்சக் கொள்ளளவு, அதன் மீடிறன் அகலத்தை, சைகைக்கும் இரைச்சலுக்குமுள்ள விகிதத்தோடு ஒன்றைக் கூட்டிய தொகையின் இரண்டடி மடக்கையாற் பெருக்கக் கிடைப்பது. தொலைபேசிப் பாதையின் அகலம் 3,100 ஹேட்ஸ். சைகை இரைச்சலினும் ஆயிரம் மடங்கு வலியதாயின், 1,001இன் இரண்டடி மடக்கை ஏறத்தாழ 9.97. பெருக்கினால் செக்கனுக்கு ஏறத்தாழ 30,900 பிற்று. விகிதம் 3,162 ஆயின் 36,000 வரை எட்டலாம். இதனாலேயே 33,600 என்பது எல்லையை அண்மிவிட்டதெனக் கருதப்பட்டது.

அவ்வாறாயின் 56,000 எவ்வாறு வந்தது? தேற்றம் பொய்க்கவில்லை, பாதை மாறிற்று. தொலைபேசி நிலையங்கள் குரலை இலக்கமாக்கி, செக்கனுக்கு 8,000 மாதிரிகள், மாதிரியொன்றுக்கு 8 பிற்று, ஆக 64,000 பிற்று என்ற அளவில் அனுப்பத் தொடங்கியிருந்தன. இணையச் சேவையாளர் தொலைபேசி வலையமைப்போடு நேரே இலக்க முறையில் இணைந்தால், நிலையத்திலிருந்து வீடு வரையுள்ள கடைசிக் கம்பியே பழைய முறையில் எஞ்சும். எட்டுப் பிற்றில் ஏழையே நம்பிக்கையோடு பயன்படுத்தலாமாதலின் 8,000 × 7 = 56,000. 1998இல் வந்த வி.90 நியமத்தின் அடிப்படை இதுவே. வீட்டிலிருந்து மேலே செல்லும் திசையிலோ, குரலை இலக்கமாக்கும் இடத்தில் இரைச்சல் புகுவதால், 33,600 பிற்றே உச்சம். அமெரிக்காவிலே சைகை வலுவுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டினால் கீழ்வரும் திசையிலும் ஏறத்தாழ 53,300 பிற்றுக்கு மேல் எட்டவில்லை. ஆகவே "ஐம்பத்தாறு" என்பது ஒரு திசைக்குரிய உச்சவரம்பு. எவருக்கும் நாள்தோறும் கிடைத்த வேகமன்று.

6. ஆயிரமும் ஆயிரத்து இருபத்துநான்கும்

தரவு வேகத்திலே கிலோ என்றால் ஆயிரமே. மெகா என்றாற் பத்து இலட்சமே. கோவைப் பருமனைக் கூறும்போது மட்டும் கணினியாளர் சிலர் இரண்டின் பத்தாம் அடுக்காகிய 1,024ஐயும் கிலோ என்றே வழங்கினர். இம்மயக்கத்தைப் போக்கும்பொருட்டு 1998இல் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு 1,024க்குக் கிபி என்றும், அதன் வர்க்கத்துக்கு மெபி என்றும் தனிப்பெயர் வகுத்தது. 56,000 பிற்றை எட்டாற் பிரிக்க 7,000 பைற்று. அஃது 7 கிலோபைற்று, அன்றேல் 6.84 கிபிபைற்று. இரண்டும் சரியே, பெயர்தான் கலக்கலாகாது.

7. மாற்றும் முறை

மேற்கூறியவற்றை ஒழுங்காகத் தொகுத்தால் நான்கு படிகளாகும்.

முதலாவது: கொடுக்கப்பட்ட எண் போட்டா, பிற்றா என்று துணிக. உண்மையில் போட்டாயின் குறியொன்றுக்குரிய பிற்றுத் தொகையாற் பெருக்குக.
இரண்டாவது: பிற்றை ஆயிரத்தாற் பிரிக்கக் கிலோபிற்று, பத்து இலட்சத்தாற் பிரிக்க மெகாபிற்று.
மூன்றாவது: பைற்று வேண்டின், பழைய மொடெமுக்குப் பத்தாலும் பிழைதிருத்தமுள்ள மொடெமுக்கு எட்டாலும் பிரிக்க.
நான்காவது: நேரம் வேண்டின், கோவையின் பைற்றுத் தொகையை மூன்றாம் படியின் விடையாற் பிரிக்க.

உதாரணமாக, ஒரு மெகாபைற்று, அஃதாவது 10,00,000 பைற்றுக் கொண்ட கோவையொன்றை எடுத்துக்கொள்வோம். கட்டுச் செலவையும் சுருக்கத்தையும் விலக்கினால்:

300 பிற்று (0.0003 மெகாபிற்று): 9 மணித்தியாலம் 15 நிமிடம் 33 செக்கன்
2,400 பிற்று (0.0024 மெகாபிற்று): 1 மணித்தியாலம் 9 நிமிடம் 27 செக்கன்
14,400 பிற்று (0.0144 மெகாபிற்று): 9 நிமிடம் 16 செக்கன்
28,800 பிற்று (0.0288 மெகாபிற்று): 4 நிமிடம் 38 செக்கன்
56,000 பிற்று (0.056 மெகாபிற்று): 2 நிமிடம் 23 செக்கன்
100 மெகாபிற்று: 0.08 செக்கன்

முதலிரண்டு வரிகளுக்குப் பத்தாலும், ஏனையவற்றுக்கு எட்டாலும் பிரித்தேன். 100 மெகாபிற்று இணைப்பு 56,000 மொடெமினும் ஏறத்தாழ 1,786 மடங்கு விரைவுடையதென்பதும் இதனாற் பெறப்படும்.

8. இன்றைக்கு இதனாற் பயன் என்ன?

தொலைபேசி அழைப்பு வழியே இணையத்தில் நுழையும் முறை வழக்கொழிந்து வருகின்றது. அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனங்கூட 2025 செப்டெம்பர் 30இல் அச்சேவையை நிறுத்திற்று. ஆயினும் கணக்கு ஒழியவில்லை. அண்மையில் என் அயலவர் ஒருவர் கடுஞ்சினத்தோடு வந்தார். 40 மெகாபிற்று இணைப்புக்குப் பணம் செலுத்தியும் தமது கணினி செக்கனுக்கு 4.7 மெகாபைற்றே காட்டுகின்றதென்றும், எட்டிலொரு பங்குதான் தருகின்றார்களென்றும் கூறி, முறைப்பாட்டுக் கடிதமொன்றையும் எழுதிக் கொணர்ந்திருந்தார். 4.7ஐ எட்டாற் பெருக்கினால் 37.6 மெகாபிற்று. எஞ்சிய சிறு பகுதி, ஒவ்வொரு பொதிக்கும் முகவரி முதலியன இடுதற்குச் செலவாவது. பழைய தொடக்கப் பிற்றும் நிறுத்தப் பிற்றும் வேறு வேடத்தில் வந்து நிற்பதாக எண்ணிக்கொள்ளலாம். இதனை விளக்கியதும் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுதலையாக, கணினி 0.5 மெகாபைற்றே காட்டியிருக்குமாயின் வந்தது 4 மெகாபிற்றே. அப்போது முறைப்பாடு நியாயமாகும். அலகை அறிந்தவரே தமக்கு நேர்ந்தது நட்டமா, மயக்கமா என்று துணிய வல்லவர்.

பயிற்சி

(1) பிழைதிருத்தமில்லாத, செக்கனுக்கு 1,200 பிற்று மொடெமில் 6,000 எழுத்துள்ள கடிதம் செல்ல எவ்வளவு நேரமாகும்?
(2) பிழைதிருத்தமுள்ள 33,600 பிற்று மொடெமில் 21,00,000 பைற்றுக் கோவை வந்துசேர எவ்வளவு நேரமாகும்?
(3) 20 மெகாபிற்று இணைப்பு செக்கனுக்கு எத்தனை மெகாபைற்று? அது 28,800 பிற்று மொடெமின் எத்தனை மடங்கு?

விடைகள்: (1) 50 செக்கன். (2) 500 செக்கன், அஃதாவது 8 நிமிடம் 20 செக்கன். (3) 2.5 மெகாபைற்று, ஏறத்தாழ 694 மடங்கு.

முடிவாக ஒன்று கூறி அமைகின்றேன். என் முன் எழுந்துநின்ற அம்மாணவர் எக்கல்லூரியிற் கற்றவர் என்பதும் இன்று என் நினைவில் இல்லை. அவர் செய்ததோ மெய்யான விஞ்ஞானம்: சொன்னதை அப்படியே ஏலாது சோதித்தார், ஒருமுறையன்றி மும்முறை அளந்தார், விடையைப் பணிவோடு சபையில் வைத்தார். நான் செய்ததோ, அளவை விட்டு அதிகாரத்தைப் பற்றிக்கொண்டது. சில ஆண்டுகளின் பின் ஒரு கைநூலிலே தொடக்கப் பிற்றைப் பற்றிப் படித்த இரவில், அவருடைய நூறு செக்கன் நினைவுக்கு வந்தது. அவரைத் தேடிச் சொல்லும் வாய்ப்புக் கிட்டவில்லை. இம்மலர் எங்கெங்கோ வாழும் பழைய மாணவர் கைகளுக்குச் செல்வது. அவர் கைக்கும் எட்டக்கூடும். எட்டுமாயின், அவருடைய மணிக்கூடு பிழையன்று என்பதை இதனால் அறிந்துகொள்வாராக. இன்று வகுப்பில் இருக்கும் தம்பிமார், ஆசிரியர் எழுதிய எண் பொருந்தவில்லையெனக் கண்டால் மீண்டும் ஒருமுறை அளந்து பார்த்து எழுந்து நிற்பார்களாக. ஆசிரியராய் இருப்போர் சிரிப்பதற்கு முன் மணிக்கூட்டைப் பார்ப்போமாக.